மலக்குடல் அறுவைக்குப் பிறகு நார்ச்சத்துப் பொடி: எப்படித் தொடங்குவது, எவ்வளவு எடுப்பது, எப்போது நிறுத்துவது

"ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை போகிறேன். எனக்கு எதற்கு இசப்கோல்? அது மலச்சிக்கலுக்குக் கொடுப்பதல்லவா?" மலக்குடல் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து, குடலை மறுபடி இணைத்தவர்கள் கையில் நார்ச்சத்துப் பொடி வந்ததும் முதலில் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தெரியாமல் குடிக்கத் தொடங்கினால் அளவும் தப்பும், நேரமும் தப்பும். மூன்றாம் நாளே "இது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று டப்பாவை ஒதுக்கிவிடத் தோன்றும்.

பதில் சுருக்கமானதுதான். இசப்கோல் தண்ணீரைப் பிடித்துவைத்துக் கூழாகும் பொருள். மலம் இறுகியிருந்தால் தான் பிடித்த நீரால் அதை இளக்கும். நீர்த்துப் போனால் அந்த நீரை உறிஞ்சி மலத்தைத் திரட்டிக் கொடுக்கும். உங்களுக்கு வேண்டியது இந்த இரண்டாவது வேலை. ஆனால் மலச்சிக்கல்காரர் குடிக்கிற முறையிலேயே நீங்களும் குடித்தால் அந்த வேலை சரியாக நடக்காது. அளவு, தண்ணீர், நேரம், கூட்டும் வேகம் எல்லாமே கொஞ்சம் வேறு.

அறுவையால் என்ன மாறியது

மலக்குடல் 12 முதல் 15 செ.மீ. நீளமுள்ள ஒரு சேமிப்புப் பை. மலம் வந்து சேரச் சேர அது விரிந்து கொடுக்கும், "இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப்போட இடம் தரும். வந்திருப்பது காற்றா, நீரா, திடமா என்று பிரித்துச் சொல்லும் உணர்வு ஆசனவாய்க் குழாயின் மேற்பகுதியில் இருக்கிறது. அறுவையில் இந்தப் பை முழுவதுமோ பெரும்பகுதியோ போய்விடுகிறது. அதன் இடத்தில் கீழே இழுத்து இணைக்கப்படும் பெருங்குடல், தள்ளிவிடுவதற்கென்று அமைந்த குழாய். சேர்த்துவைக்க அதற்குத் தெரியாது. நரம்புகள் சில அறுபட்டிருக்கலாம். ஆசனவாயை மூடிவைக்கும் உள் சுருக்குத்தசை தளர்ந்திருக்கலாம். ரேடியேஷன் எடுத்தவர்களுக்குத் திசுவே விறைத்து, விரியும் தன்மை குறைந்திருக்கும்.

இதன் விளைவாக அவசரம் வரும், அடக்க முடியாமல் கசியும், காற்று என்று நினைத்தால் மலமும் கூட வரும். எல்லாவற்றையும்விட அதிகம் வாட்டுவது, போய்விட்டு வந்து உட்கார்ந்த பத்தாவது நிமிடத்தில் மறுபடி, பிறகு மறுபடி என்று துண்டு துண்டாகப் போவது. இந்தத் தொகுப்புக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் லார்ஸ். 'லோ ஆன்டீரியர் ரிசெக்‌ஷன்' என்ற அறுவையின் பெயரிலிருந்து வந்த சுருக்கம் அது.

இணைப்பு ஆசனவாய்க்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு தொல்லை. ரேடியேஷன் எடுத்திருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். முதல் ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் பலருக்குப் படிப்படியாகக் குறையும். குறைந்தும் முழுதாகப் போகாமல் நிற்பவர்களும் உண்டு. அதற்காக ஓராண்டு பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை. மலத்தின் பதத்தைச் சரிசெய்வது இன்றே செய்யக்கூடிய வேலை. பை சிறிதாகிவிட்டதை மாற்ற முடியாது, அதற்குள் வந்து விழுவதன் பதத்தை மாற்ற முடியும். நீர்த்த மலத்தைத் தளர்ந்த தசையால் பிடித்துவைக்க இயலாது. திரண்ட மலத்தை அதே தசை ஓரளவு பிடித்துவைக்கும்.

இதிலேயே ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. நார் கூடினால் மலத்தின் பருமனும் கூடும். சிறிய பையில் பருமன் கூடினால் போகும் தடவையும் கூடும். ஆகவே "நார்ச்சத்து நல்லது, நிறைய எடு" என்ற பொது அறிவுரை உங்களுக்குப் பொருந்தாது. பதம் சரியாக வருகிற மிகக் குறைந்த அளவைக் கண்டுபிடிப்பதுதான் இங்கே வேலை.

யார் இப்போது தொடங்கக் கூடாது

அறுவையானவுடன் குடல் ஆறுவதற்காகச் சில வாரங்கள் நார் குறைந்த, மென்மையான உணவே சொல்லியிருப்பார்கள். அந்தக் காலத்தில் பொடியை நீங்களாகத் தொடங்க வேண்டாம். அறுவை மருத்துவரோ, வயிற்றில் போட்ட குடல் திறப்பைக் கவனிக்கும் ஸ்டோமா நர்ஸோ "சரி" என்ற பிறகுதான். தற்காலிகமாக வயிற்றில் சிறுகுடல் திறப்பு, அதாவது இலியோஸ்டமி, இருப்பவர்களும் அப்படியே. அவர்களுக்கு நீரிழப்பும் அடைப்பும் சட்டென்று வந்துவிடும், பொடி கொடுப்பதாக இருந்தால் அது அவர்கள் குழு கணக்கிட்டுக் கொடுப்பதாக இருக்க வேண்டும். இலியோஸ்டமியை மூடிய முதல் சில வாரங்களில் எண்ணற்ற தடவை போவது வழக்கம். மாதக்கணக்கில் வேலையில்லாமல் கிடந்த பெருங்குடல் மறுபடி பழக வேண்டும். அந்த நாட்களை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

குடல் இணைப்பு சுருங்கியிருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள், முன்பு குடலடைப்பு வந்தவர்கள், விழுங்கச் சிரமப்படுபவர்கள், மலம் இறுகி அடைத்திருப்பதாகச் சந்தேகம் உள்ளவர்கள் பொடியைத் தொடக்கூடாது. கூழாக உப்பும் பொருள் குறுகிய இடத்தில் சிக்கினால் அதுவே அடைப்பு. மலம் பென்சில் போல மெலிந்து, முக்கினால்தான் வருகிறது என்றால் முதலில் இணைப்பை விரலாலோ கருவியாலோ பரிசோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கீமோ நடந்துகொண்டிருக்கும்போது வரும் வயிற்றுப்போக்கு வேறு விஷயம். கேப்பசிட்டபின், இரினோடெக்கான் போன்ற மருந்துகளால் வரும் போக்கு சில மணி நேரத்தில் ஆபத்தாகலாம். அதை இசப்கோல் கொண்டு சமாளிக்கப் பார்க்காமல் புற்றுநோய்க் குழுவை உடனே தொலைபேசியில் அழையுங்கள்.

எந்தப் பொடி

கடையில் 'ஃபைபர்' என்று எழுதியிருக்கும் எல்லாமும் ஒன்றல்ல. உங்களுக்கு வேண்டியது மூன்று குணம்: தண்ணீரில் கூழாக வேண்டும், குடல் கிருமிகளால் எளிதில் நொதிக்கக் கூடாது, பெருங்குடலின் கடைசிவரை அந்தக் கூழ் குலையாமல் போக வேண்டும். இசப்கோல் உமிக்கு இந்த மூன்றும் இருக்கிறது. உறைகளில் 'சைலியம்' என்றும் இருக்கும், இரண்டும் ஒரே செடியின் விதை உமிதான். 2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மலக்கசிவு உள்ளவர்களுக்கு இசப்கோல், கருவேலம் பிசின் வகை, கார்பாக்சி மெத்தில்செல்லுலோஸ் மூன்றையும் தனித்தனிக் குழுக்களாகக் கொடுத்துப் பார்த்தார்கள். கசிவை நன்றாகக் குறைத்தது இசப்கோல். கார்பாக்சி மெத்தில்செல்லுலோஸ் கசிவைக் கூட்டியது. நாரின் பெயரை உறையில் படித்துப் பார்த்து வாங்குவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதுவே போதும்.

கோதுமைத் தவிடு வேண்டாம். அது கரையாத, சொரசொரப்பான நார். குடல் சுவரை உரசி நீரையும் சளியையும் சுரக்க வைக்கும், மலச்சிக்கலுக்கு அது உதவுவதே அப்படித்தான். உங்களுக்கு நேர்மாறான பலன். இனுலின், கோதுமை டெக்ஸ்ட்ரின் போன்றவை தண்ணீரில் கண்ணாடி மாதிரிக் கரைந்துவிடும். குடிக்க இதம், ஆனால் கூழாகாது, பதத்தையும் மாற்றாது. இனுலின் வேகமாக நொதித்து வாயுவைக் கிளப்பும். காற்றையே அடக்க முடியாத ஒருவருக்கு அது கூடுதல் தண்டனை. இசப்கோல் எடுத்தும் வயிறு உப்பிக்கொண்டே இருப்பவர்களுக்கு மெத்தில்செல்லுலோஸ் ஒரு மாற்று. அது நொதிக்காது. மேலே சொன்ன கார்பாக்சி வகையோடு பெயர் ஒத்திருப்பதால் கவனமாகப் பாருங்கள்.

சந்தேகமாக இருந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம். அரை டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் பொடியைக் கலக்கிப் பத்து நிமிடம் அப்படியே வையுங்கள். கெட்டியாகிக் கூழானால் அது உங்களுக்கான வகை. தெளிவாகவே இருந்தால் அல்ல.

சர்க்கரை சேர்த்ததைத் தவிருங்கள். 'சர்க்கரை இல்லாதது' என்று இருந்தாலும் சார்பிட்டால், மானிட்டால் போன்ற இனிப்பு சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள். அவையே மலத்தை இளக்கிவிடும். எதுவும் சேர்க்காத வெறும் உமியே நல்லது. மாத்திரை வடிவமும் கிடைக்கிறது, ஆனால் ஒரு மாத்திரையில் இருப்பது அரை கிராம் அளவுதான். 6 கிராம் வேண்டுமென்றால் பன்னிரண்டு மாத்திரை விழுங்க வேண்டியிருக்கும்.

பொடி தொடாத முதல் வாரம்

அவசரப்பட்டு அன்றே தொடங்காதீர்கள். முதல் ஏழு நாள் இப்போது எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். ஒவ்வொரு தடவையும் நேரம், பதம், அவசரம் இருந்ததா, கசிந்ததா, ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி போனீர்களா என்று ஐந்து குறிப்பு போதும். பதத்துக்கு பிரிஸ்டல் அட்டவணை எண் எழுதுங்கள்: 1 என்றால் ஆட்டுப் புழுக்கை போல, 3 என்றால் மேலே வெடிப்பு விட்ட திரள், 4 என்றால் வழவழப்பான திரள், 6 என்றால் குழைவு, 7 என்றால் வெறும் தண்ணீர். நீங்கள் போய்ச் சேர வேண்டிய இடம் 3, 4.

லார்ஸ் மதிப்பெண்ணையும் ஒரு முறை போட்டுப் பாருங்கள். டென்மார்க்கில் உருவாகி 2012இல் வெளியான அந்தப் பட்டியலில் ஐந்தே கேள்விகள், மொத்தம் 42 புள்ளி. 20 வரை பெரிய தொல்லை இல்லை, 21 முதல் 29 வரை சிறிய லார்ஸ், 30 முதல் 42 வரை பெரிய லார்ஸ். அந்த 42இல் 27 புள்ளி இரண்டே கேள்விகளுக்குத்தான்: அவசரம், ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி போவது. எத்தனை தடவை போகிறீர்கள் என்பதற்கு அதிகபட்சம் 5. வாழ்க்கையைக் கெடுப்பது எண்ணிக்கையைவிட அவசரமும் துண்டு துண்டாகப் போவதும்தான் என்பதை அந்தப் பட்டியல் நேராகச் சொல்கிறது. பொடி வேலை செய்கிறதா என்று பார்க்கும்போதும் இந்த இரண்டையே முதலில் பாருங்கள். எட்டுத் தடவை ஏழானதா என்று எண்ணிக்கொண்டிருந்தால் உண்மையான முன்னேற்றம் கண்ணில் படாமல் போகும்.

அளவைக் கூட்டும் முறை

கணக்கைக் கிராமில் வையுங்கள். முழு உமி லேசானது, அரைத்த பொடி கனமானது. ஒரே டீஸ்பூனில் இரண்டும் ஒரே அளவு நிற்காது. உமியிலிருந்து பொடிக்கு மாறியவுடன் "திடீரென்று வயிறு உப்புகிறது" என்று பலர் திணறுவது இதனால்தான். ஒரு சிறிய மின்னணுத் தராசு இருந்தால் நல்லது. இல்லையென்றால் உறையில் ஒரு கரண்டிக்கு எத்தனை கிராம் என்று போட்டிருப்பதைப் பாருங்கள், எப்போதும் அதே கரண்டியால், தலைதட்டி அளந்து எடுங்கள்.

1. இரண்டாம் வாரம்: காலை உணவோடு 3 கிராம், ஒரு வேளை மட்டும்.
2. மூன்றாம் வாரம்: வயிறு ஏற்றுக்கொண்டது, ஆனால் பதம் இன்னும் 5, 6 என்றால் இரவு உணவோடு இன்னொரு 3 கிராம்.
3. நான்காம் வாரம்: இன்னும் போதவில்லை என்றால் மதியமும் 3 கிராம். ஆக 9 கிராம்.

ஒவ்வொரு படியிலும் ஐந்து முதல் ஏழு நாள் நிற்க வேண்டும். குடித்ததன் பலன் 12 முதல் 72 மணி நேரம் கழித்துத்தான் தெரியும். இன்று குடித்ததை வைத்து நாளை அளவை மாற்றினால், மூன்று நாள் முந்தைய அளவின் பலனைப் பார்த்துவிட்டு இன்றைய அளவைத் திட்டுவதாக முடியும். எந்தப் படியில் பதம் 3, 4க்கு வந்து அவசரம் குறைகிறதோ அங்கேயே நின்றுவிடுங்கள். 3 கிராமிலேயே சரியாகிவிட்டால் 9க்குப் போக ஒரு காரணமும் இல்லை. மூன்று வேளையும் எடுத்து இரண்டு வாரம் ஆகியும் மாற்றமில்லை என்றால் இன்னும் கூட்டாதீர்கள், மருத்துவரிடம் பேசுங்கள்.

இந்த நாட்களில் வேறெதையும் சேர்த்து மாற்ற வேண்டாம். பொடி தொடங்கிய அதே வாரத்தில் காபியை நிறுத்தி, புது மாத்திரையும் தொடங்கினால், எதனால் சரியானது அல்லது எதனால் கெட்டது என்று யாராலும் சொல்ல முடியாது.

தண்ணீர்: அதிகம் தப்பு நடக்கும் இடம்

உறையில் போட்டிருக்கும் பொது விதி, ஒவ்வொரு வேளைக்கும் குறைந்தது 240 மி.லி. தண்ணீர். தொடங்கும்போது இதையே பின்பற்றுங்கள். டம்ளரில் முதலில் தண்ணீர், பிறகு பொடி. மாற்றிச் செய்தால் அடியில் கட்டி பிடிக்கும். பத்து விநாடி வேகமாகக் கலக்கி, கூழாகும் முன் குடித்துவிடுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து குடியுங்கள். படுக்கப்போகும் நேரத்தில் வேண்டாம். வெறும் பொடியை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பது ஒருபோதும் கூடாது, தொண்டையிலோ உணவுக்குழாயிலோ உப்பி அடைத்துக்கொள்ளும். குடித்தபின் நெஞ்சில் வலி, எச்சில்கூட விழுங்க முடியாத நிலை, மூச்சுத் திணறல் வந்தால் அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும்.

நீர்த்துப் போகிறவர்களுக்குக் குடல் நர்ஸுகள் சில நேரம் வேறொரு முறை சொல்வார்கள். பொடியைக் குறைந்த நீரிலோ, தயிர், கஞ்சி போன்ற ஈரமான மென் உணவிலோ நன்றாகக் கலந்து, உணவோடு சாப்பிட்டு, பிறகு ஒரு மணி நேரம் அதிகம் குடிக்காமல் இருப்பது. காரணம் எளிது: பொடி தன் கொள்ளளவை டம்ளரிலேயே நிரப்பிக்கொள்ளாமல், குடலில் இருக்கும் நீரை உறிஞ்ச மிச்சம் வைத்திருக்கும். இது நன்றாக வேலை செய்யும், ஆனால் அடைப்பு அபாயமும் இதில்தான் கூடுதல். இணைப்பு சுருங்கவில்லை என்று உறுதியான பிறகு, உங்கள் குழு சம்மதித்த பிறகு மட்டுமே. அந்த ஒரு மணி நேரம் போக மீதி நாள் முழுக்க வழக்கமான அளவு நீர் குடிக்க வேண்டும். "தண்ணீர் குடித்தால் தண்ணீராகப் போகும்" என்று நாள் முழுக்க நாவறண்டு கிடப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் உடம்புதான் வாடும், மலத்தின் பதம் அதனால் திருந்தாது.

நேரமும் மற்ற மருந்துகளும்

இந்தச் சிக்கலுக்குப் பொடியை உணவோடு எடுப்பதே பொருத்தம். வெறும் வயிற்றில் உணவுக்கு முன் எடுத்தால் பசி மந்தமாகும். எடை குறைந்து வந்திருப்பவர்கள் சாப்பிட்டு முடிக்கும் தறுவாயில் எடுங்கள்.

மற்ற மாத்திரைகளுக்கும் பொடிக்கும் இடையே இரண்டு மணி நேரம் விடுங்கள். கூழ் மருந்தையும் தனக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். தைராய்டு, இரும்புச்சத்து, டிஜாக்ஸின், லித்தியம், கார்பமஸெபின், ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் ஆகியவற்றில் இது முக்கியம். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களுக்கு உணவுக்குப் பிந்தைய சர்க்கரை கொஞ்சம் இறங்கலாம், முதல் இரண்டு வாரம் அடிக்கடி பாருங்கள். நடைமுறையில் காலையில் எழுந்ததும் தைராய்டு மாத்திரை, பிறகு தாமதமாகக் காலை உணவோடு பொடி, அதிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி மற்றவை என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிவைப்பது எளிது.

பொடியைக் கொட்டும்போது பறக்கும் தூசியை மூச்சில் இழுக்க வேண்டாம். இசப்கோல் தூசிக்குக் கடுமையான ஒவ்வாமை வருபவர்கள் உண்டு. அரிப்பு, தடிப்பு, இழுப்பு வந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள்.

எது தப்பாகப் போகும், ஏன்

வாயுவும் உப்புசமும்தான் முதலில் வரும். பெரும்பாலும் வேகமாகக் கூட்டியதால். அளவைப் பாதியாக்கி ஒரு வாரம் நில்லுங்கள், பிறகு 1 கிராம் 1 கிராமாக ஏறுங்கள். நிறுத்திவிட வேண்டியதில்லை.

பதம் நன்றாக இருக்கிறது, ஆனால் முன்பைவிட அதிகத் தடவை போகிறது என்றால் அளவு மிஞ்சிவிட்டது. சிறிய பையில் பருமன் கூடிய கதை இதுதான். ஒரு படி இறங்குங்கள். இந்த நிலையில் "போதவில்லை போல" என்று இன்னும் கூட்டுபவர்கள் அதிகம், நேர் எதிரான திசை அது.

மலம் பசை போல ஒட்டிக்கொள்கிறது, எத்தனை துடைத்தாலும் தீரவில்லை, அரை மணி கழித்து உள்ளாடையில் கறை என்றால் கூழ் மிஞ்சி நிற்கிறது என்று அர்த்தம். 2 கிராம் குறைத்துப் பாருங்கள்.

புழுக்கையாக, முக்கி முக்கிப் போனால் நீர் போதவில்லை, அல்லது கூடவே எடுக்கும் போக்கு நிறுத்தும் மாத்திரை மிஞ்சிவிட்டது. முதலில் நீரைச் சரிசெய்யுங்கள்.

இரண்டு மூன்று நாள் ஒன்றும் போகாமல், வயிறு கனத்து, பிறகு திடீரென்று தண்ணீராகக் கசிந்தால் ஏமாந்துவிடாதீர்கள். அது வயிற்றுப்போக்கு போலத் தெரியும், உண்மையில் இறுகி அடைத்த மலத்தைச் சுற்றிக்கொண்டு வழியும் நீர். இங்கே பொடியையும் போக்கு நிறுத்தும் மாத்திரையையும் மேலும் எடுத்தால் அடைப்பு முற்றும். இரண்டையும் நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரை அழையுங்கள்.

ஒரு நாள் நன்றாக, ஒரு நாள் மோசமாக இருந்தால் நாட்குறிப்பைப் புரட்டிப் பாருங்கள். பொடி எடுத்த நாளும் எடுக்காத நாளும் கலந்திருக்கும். "இன்று நன்றாக இருக்கிறதே, எதற்குப் பொடி" என்று விட்டால் இரண்டு நாள் கழித்து அதன் பலன் வந்து சேரும். நல்ல நாளிலும் எடுக்க வேண்டிய பொருள் இது.

துண்டு துண்டாகப் போவதற்கு

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், பொடி நேராகத் தொடுவது இந்தத் தொல்லையைத்தான். சிதறிய சிறு துண்டுகளைக் கூழ் ஒன்றாகத் திரட்டினால் ஒரே தடவையில் அதிகம் வெளியேற வாய்ப்பு. ஆனால் உட்காரும் முறையும் கூடவே வேண்டும். மேற்கத்திய கழிவறை என்றால் காலடியில் ஒரு சிறு பலகை வைத்து முழங்கால் இடுப்புக்கு மேலே வரும்படி, முன்னால் சாய்ந்து, முழங்கைகளைத் தொடைமேல் வைத்து, வயிற்றை முன்னே தள்ளி மூச்சை விடுங்கள். முக்க வேண்டாம். உணவுக்குப் பிந்தைய அரை மணியில் குடல் தானாகவே அசையும், அந்த நேரத்தில் போய் உட்காருங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். "இன்னும் இருக்கிறது" என்ற உணர்வு பல நேரம் மலத்தால் அல்ல, இணைப்பு இருக்கும் இடத்தின் உறுத்தலால் வருவது. எழுந்து பத்து நிமிடம் நடந்துவிட்டு, உண்மையாகவே வந்தால் மட்டும் திரும்புங்கள்.

லோபரமைடு சேர்ப்பதென்றால்

பொடி பதத்தைத் திரட்டும். மேலே சொன்ன போக்கு நிறுத்தும் மாத்திரையான லோபரமைடு குடலின் வேகத்தைக் குறைக்கும், சுருக்குத்தசையின் இறுக்கத்தையும் சற்றே கூட்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று துணை. ஆனால் பொடியின் அளவு நிலைத்த பிறகே மாத்திரையைச் சேருங்கள், இரண்டையும் ஒரே நாளில் தொடங்கினால் ஒரே வாரத்தில் அடைத்துக்கொள்ளும். வழக்கமாக 2 மி.கி. மாத்திரை, உணவுக்கு அரை மணி நேரம் முன்பு. 2 மி.கி.யே அதிகமாக இறுக்குகிறது என்றால் திரவ வடிவில் 1 மி.கி. எடுக்க முடியுமா என்று கேளுங்கள். நாளின் உச்ச அளவை மருத்துவரே சொல்ல வேண்டும், மிஞ்சினால் இதயத் துடிப்பு பாதிக்கப்படலாம். காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருக்கும்போது எடுக்கவே கூடாது.

உணவும் தோலும்

பொடி எடுக்கும் காலத்தில் உணவில் நார் எவ்வளவு என்று கிராம் கணக்குப் பார்க்க வேண்டாம். தோல், விதை, பச்சைக் காய்கறிகளைக் குறைத்து, நன்றாக வேகவைத்ததை உண்ணுங்கள். காபி, மது, கொழுப்பு மிகுந்தவை, காரம் ஆகியவை பலருக்கு அவசரத்தைக் கூட்டும். நாட்குறிப்பில் உங்களுக்கு எது என்று தெரிந்ததை மட்டும் தவிருங்கள். பிறர் பட்டியலைப் பார்த்து எல்லாவற்றையும் நிறுத்தினால் எடை போய்விடும். இரவில் எழுந்து ஓட வேண்டியிருந்தால் இரவு உணவைச் சிறிதாக்கி முன்கூட்டியே முடியுங்கள்.

ஆசனவாய்த் தோல் புண்ணாகிவிட்டால் பொடியின் நன்மைகூடத் தெரியாது. வெறும் நீரால் கழுவி, துணியால் ஒற்றி எடுத்து, துத்தநாக ஆக்சைடு கலந்த களிம்பை மெல்லியதாகப் பூசுங்கள். மணமூட்டிய ஈரத் தாள்கள் எரிச்சலைக் கூட்டும்.

பொடியோடு நிற்காத சிக்கல்கள்

கீழ்க்கண்டவை எதுவும் வந்தால் அளவை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள்:

- வயிறு வீங்கி, வாந்தியோடு, மலமும் காற்றும் நின்றுபோதல். இதற்கு அவசரப் பிரிவு.
- புதிதாக ரத்தம், அல்லது கரிய மலம்.
- காய்ச்சலோடு வயிற்றுப்போக்கு, அதுவும் இலியோஸ்டமியை மூடிய பிறகு அல்லது ஆன்டிபயாடிக் எடுத்த பிறகு.
- சரியாக இருந்த பதம் காரணமில்லாமல் மாறி மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தல், எடை இறங்குதல்.

பொடிக்கும் லோபரமைடுக்கும் மசியாத நீர்ப்போக்குக்குப் பித்த அமிலம் சரியாக உறிஞ்சப்படாமல் போவதும், சிறுகுடலில் கிருமிகள் பெருகுவதும் காரணமாக இருக்கலாம். இரண்டுக்கும் தனி மருந்து உண்டு, அதனால் கேட்டுப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அவை இல்லையென்றால் அடுத்த படிகள் இருக்கின்றன: இடுப்புத் தளத் தசைப் பயிற்சி, தசை இயங்குவதைக் கருவியில் பார்த்துப் பழகும் பயோஃபீட்பேக், ஆசனவாய் வழியாக வெதுவெதுப்பான நீர் செலுத்திக் குடலைக் கழுவும் முறை, முதுகடி நரம்புக்கு மின்தூண்டல் தரும் கருவி. இவற்றில் நீர் செலுத்தும் முறை, துண்டு துண்டாகப் போவதால் வீட்டை விட்டு வெளியேறவே முடியாதவர்களுக்கு மிகவும் கைகொடுக்கும். ஆனால் இணைப்பு நன்றாக ஆறியிருப்பதை உறுதிசெய்து, பயிற்சி பெற்ற நர்ஸிடம் நேரில் கற்ற பிறகே செய்ய வேண்டும். "உயிர் பிழைத்ததே பெரிது, இதைப்போய்ச் சொல்வதா" என்று வாய்மூடி இருப்பவர்களுக்கு இவை கிடைக்காமலே போகின்றன. நாட்குறிப்பையும் லார்ஸ் மதிப்பெண்ணையும் மேசைமேல் வைத்துச் சொல்லுங்கள்.

அளவு நிலைத்த பிறகு

மூன்று மாதம் ஒரே அளவில் நன்றாக இருந்தால், 1 கிராம் குறைத்து இரண்டு வாரம் பாருங்கள். குடல் பழகிவிட்டிருந்தால் குறைந்த அளவே போதும். கெட்டால் பழைய அளவுக்குத் திரும்புங்கள். வேறு தயாரிப்புக்கு மாறும்போது கிராமை மறுபடி கணக்கிடுங்கள். பயணம், விசேஷம் என்று முக்கியமான நாள் வருகிறதென்றால் அதற்கு முந்தைய மூன்று நாளில் அளவையோ நேரத்தையோ மாற்ற வேண்டாம்.

தொடர் கண்காணிப்பில் கொலோனோஸ்கோபிக்கு நாள் குறித்தால், நீங்கள் இசப்கோல் எடுப்பதை முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். கூழ் குடல் சுவரில் ஒட்டிக் கேமராவை மறைக்கும். வழக்கமாக ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அந்த ஒரு வாரம் பதம் இளகும், அதற்கு லோபரமைடு எடுக்கலாமா, எந்த நாளில் அதையும் நிறுத்த வேண்டும் என்று அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பரிசோதனை முடிந்து வழக்கமான உணவுக்குத் திரும்பியதும் பழைய அளவில் பாதியில் தொடங்கி, நான்கைந்து நாளில் முழு அளவுக்கு வாருங்கள்.